செம்மநத்தத்தில் கிராம்பு விலை

எங்கள் சென்னை அலுவலகத்தில் வேலை விஷயமாக வெளியூர் போகிறவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று போய் சாக்லேட் வாங்கி வருவார்கள். எனக்கு விழுந்தது ஏற்காடு. அதுவும் தை மாதக் குளிரில், ஒரு மணியோசையைப் பற்றி விசாரிக்க.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அடி உதை படும் பெண்களுக்கு உதவுகிற சமூகப் பணியாளர்களுக்காக நாங்கள் ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். பணியாளரின் போனில் ஒரு பகுதி இருக்கும். எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது, எந்த வக்கீலைக் கூப்பிடலாம், யாரை அடுத்து போய்ப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் தெரியும். பாதிக்கப்பட்ட பெண்ணின் போனில் இன்னொரு சின்னப் பகுதி. அவர் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் பணியாளரின் போனில் மணி அடிக்கும். உடனே வரவும் என்று பொருள்.

வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் சந்தேகம் வரக்கூடாது என்று அந்தச் சின்னப் பகுதிக்கு வேஷம் கட்டியிருந்தோம். சேர்வராயன் மலைக்கு நாங்கள் கட்டிய வேஷம், மலைச்சரக்கு விலைப் பட்டியல். மிளகு, காப்பி, ஆரஞ்சு, கொய்யா என்று வரிசையாக வந்து கடைசியில் கிராம்பு. கிராம்பை அழுத்தினால்தான் மணி. அந்த மலையில் கிராம்பு அதிகம் கிடையாது, அதை எவரும் தொட மாட்டார்கள் என்று யோசனை சொன்னது நான்தான். கூட்டத்தில் கை தட்டினார்கள். இரண்டு நாள் மிதப்பாகவே இருந்தேன்.

செயலி மலைக்குப் போன கொஞ்ச நாளில் புகார் வந்தது. செம்மநத்தம் என்ற ஊரில் ஒரு வீட்டிலிருந்து தினமும் விடியற்காலையில் மணி அடிக்கிறது. பணியாளர் அலறியடித்துக்கொண்டு ஓடினால் அங்கே ஒன்றும் நடந்திருக்கவில்லை. செயலியில் ஏதோ கோளாறு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

சேலத்தில் ஏறிய பஸ் மலையைத் தொட்டதுமே என் வயிறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் கரைதான். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நம்பர் போட்ட பலகைகளை எண்ணத் தொடங்கி, பாதியிலேயே எண்ணிக்கையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் சுருக்குப்பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். மோந்துகொண்டே வரச் சொன்னார். இறங்கும்போது திருப்பிக் கொடுத்தேன். திரும்பிப் போகும்போதும் இதே வளைவுகள்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் பூங்கொடி காத்திருந்தார். அவர்தான் அந்தச் சமூகப் பணியாளர். சேலத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேல் ஒரு பெரிய தோள்பை. என் முகத்தைப் பார்த்ததும் வேலையைப் பற்றி எதுவும் பேசாமல் ஏரிப் பக்கம் அழைத்துப்போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். வயிறு கலங்கியவளுக்கு மிளகாய் பஜ்ஜி என்ன வைத்தியமோ தெரியவில்லை, ஆனால் குமட்டல் நின்றுவிட்டது.

பஜ்ஜி தின்றபடியே சித்ராவைப் பற்றிச் சொன்னார். செம்மநத்தத்து வீடு அவருடையது. கணவர் அண்ணாமலை, கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிற விவசாயி. குடித்தால் கை நீளும். போன வருஷம் சித்ராவின் மணிக்கட்டு முறிந்தது. காப்பிக் களத்தில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார். போலீஸ் வேண்டாம், காப்பகம் வேண்டாம், ஆபத்து என்றால் கூப்பிட ஒரு வழி இருந்தால் போதும் என்று அவர் கேட்டுக்கொண்டதால்தான் எங்கள் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார் பூங்கொடி. சித்ராவின் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை பூங்கொடி மகளிர் குழு மேடம்.

"தெனமும் பொய் மணி வந்துட்டே இருந்துச்சுன்னா, ஒரு நாளைக்கு நெசமா வரும்போது நான் எந்திரிக்க மாட்டேனுங்க மேடம். அதான் எனக்குப் பயமா இருக்குது," என்றார்.

மறுநாள் முதலில் நாகலூர். பஸ்ஸுக்கு முன்னால் சில்வர் ஓக் மரம் ஏற்றிய லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. சென்னையாக இருந்தால் ஹாரன் சத்தத்திலேயே லாரி நகர்ந்திருக்கும். இங்கே டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் டீ குடித்தார். பயணிகளில் பாதிப் பேர் கூடவே இறங்கினார்கள். கோபப்பட்ட ஒரே ஆள் நான். டீ நன்றாக இருந்ததால் அந்தக் கோபமும் நிலைக்கவில்லை.

நாகலூரில் கூலியாட்களுக்கு வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடு ஒன்றில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். எங்கள் செயலி பணியாளரைக் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, இப்போது பேசுவது உங்களுக்குப் பாதுகாப்பா என்பது. லைன் வீட்டில் பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டு இருமலைப் போலக் கேட்கிறது. பூங்கொடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் கூலி, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரின் சிடுசிடுப்பு என்று பொதுவாகப் பேசிவிட்டு, தண்ணீர்க் குழாய் வரைக்கும் கூட வாருங்கள் என்று அந்தப் பெண்ணை வெளியே அழைத்துக்கொண்டு போனார். விஷயமெல்லாம் குழாயடியில் குடம் நிரம்புகிற சத்தத்துக்குள் முடிந்தது. அந்த முதல் கேள்வியை எடுத்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். மதியம் ஒரு வீட்டுக் கடையில் களியும் கீரைக் குழம்பும். களியை மெல்லக்கூடாது, விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் மென்றேன், எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள்.

பிறகு ஜீப்பில் செம்மநத்தம். எதிரே மாடு வந்தாலே ஜீப் ஒதுங்க வேண்டிய சாலை. பகலில் அண்ணாமலை தோட்டத்தில் இருப்பார், சித்ராவிடம் தனியாகப் பேசலாம் என்பது திட்டம். போய் இறங்கினால் அவர் வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகை உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. மெட்ராஸுங்களா? நொம்பத் தூரமாச்சுங்களே," என்று எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

மெலிந்த மனிதர், சிரித்த முகம். ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அவர் முதுகைக் கட்டிக்கொண்டிருந்தது. பெயர் கனி. அதை அவர் கண்ணு, சாமி என்று கொஞ்சினார். நான் மனதில் ஒரு தடியனை வரைந்துகொண்டு போயிருந்தேன். அந்தப் படத்துக்கும் இவருக்கும் ஒட்டவேயில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது. இந்தக் கைதான் அந்த மணிக்கட்டை முறித்தது என்று நினைத்துக்கொண்டே இனிப்பை விழுங்க வேண்டியிருந்ததில் எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

நான் அந்த விலைப் பட்டியல் கம்பெனியைச் சேர்ந்தவள் என்று பூங்கொடி அறிமுகம் செய்ததுதான் தாமதம், அவர் உள்ளே போய் சித்ராவின் போனை எடுத்துவந்தார். தினமும் விடிந்ததும் பலாமரத்தடிக்குப் போய் விலை பார்ப்பது இவர்தானாம். அந்த வீட்டில் பலாமரத்தடியில் மட்டும்தான் டவர் கிடைக்கும். கண்டுபிடிக்க வந்த கோளாறு அவ்வளவுதான். மிளகு விளைகிற வீட்டில் ஆண்பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாமல் எதையாவது மறைக்க வேண்டுமானால், மிளகு விலைக்குப் பின்னால் மட்டும் மறைக்கக்கூடாது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கை தட்டிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

"ஏனுங்க, வெலை போடறவங்க தூங்கிப் போயிடறாங்களா? நாலு நாளா ஒரே வெலை நிக்குது," என்றார். எல்லாச் சரக்கையும் அழுத்திப் பார்த்ததாகவும், கிராம்பை அமுக்கிப் பிடித்தால் மட்டும் திரை லேசாக ஆடுவதாகவும், ஆனால் விலை மாறுவதில்லை என்றும் குறை சொன்னார். கிராம்பில் எதற்கு இவ்வளவு அக்கறை என்றால், வீட்டுக்குப் பின்னால் ஆசைக்கு இரண்டு செடி வைத்திருக்கிறார்.

பலாமரத்தடிக்கு எங்களை அழைத்துப்போய் அழுத்திக் காட்டினார். பூங்கொடியின் தோள்பைக்குள் மணி அடித்தது.

பூங்கொடி பைக்குள் கைவிட்டு மணியை நிறுத்தினார். அண்ணாமலை பையைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார். மறுபடி கிராம்பை அழுத்தினார். மறுபடி மணி. டீ டம்ளர்களோடு வந்த சித்ரா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பொய் சொல்வதில் நான் ஒன்றும் கெட்டிக்காரி இல்லை. ஆனால் வாய் தானாகப் பேசியது. அதை அப்படித்தான் அமைத்திருக்கிறோம் என்றேன். கிராம்பை அழுத்தினால் மகளிர் குழு வேலையோடு எங்கள் வேலையையும் பார்க்கிற பூங்கொடிக்கு மணி போகும், விலை வேண்டும் என்று ஒரு விவசாயி கேட்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும், புது விலை போடுவோம் என்றேன். இதுவரை விலையைச் சரியாகப் போடாதது எங்கள் தப்பு என்று மன்னிப்பும் கேட்டேன்.

அண்ணாமலை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப நான் அமுக்குனா மெட்ராஸ் வரைக்கும் தெரியுமுங்களா? என் போனுலயும் இதைப் போட்டுக் குடுத்துருங்க."

போட்டுக் கொடுத்தேன். பூங்கொடியின் போனில் அண்ணாமலைக்கு 'மிளகு' என்று பெயர் வைத்துக்கொண்டோம். கிளம்பும்போது ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்தார். சித்ராவிடம் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேச முடியவில்லை. டம்ளர் வாங்க வந்தபோது நாளைக்குச் சேர்வராயன் கோயிலுக்குப் போகிறேன் என்று மட்டும் பொதுவாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் சேர்வராயன் கோயில். மலை உச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது. குகைக்குள் போக எல்லோரும் குனிய வேண்டும். நான் குனிந்தது போதவில்லை, நெற்றியில் வாங்கிக்கொண்டேன். உள்ளே ஈரமும் குளிரும். பின்னால் வந்தவர் யார் என்று திரும்பிப் பார்த்தால் கனியின் கையைப் பிடித்தபடி சித்ரா. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, காற்று பேச்சை அடித்துக்கொண்டு போகிற ஒரு பாறையோரத்தில் சித்ராவும் பூங்கொடியும் நானும் உட்கார்ந்தோம்.

இனி உங்கள் வீட்டுக்காரர் தன் போனில் விலை பார்ப்பார், உங்கள் போனில் நீங்கள் கிராம்பை அழுத்தலாம், சிக்கல் தீர்ந்தது என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். சித்ரா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"கை ஓங்கறதுக்கு முன்னால மொதல்ல என் போனைத்தானுங்க புடுங்குவாரு. அப்புறம் எதை அமுக்கறது?"

இத்தனை மாத வேலையில் அடி விழுகிற நேரத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது. சித்ரா அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி முழுக்க யோசித்து முடித்துவிட்டு வந்திருந்தார்.

"அவரு தெனமும் விடிஞ்சதும் வெலை பாப்பாருங்க. மழை பேஞ்சாலும் பாப்பாரு. ராத்திரி குடிச்சுட்டு வந்து அடிச்சா, மக்யா நாளு காலையில மட்டுந்தான் எந்திரிக்க மாட்டாரு. பொழுது ஏறித்தான் எந்திரிப்பாரு. அதனால மணி வந்தா வர வேண்டாமுங்க. மணி வராத அன்னிக்கு வாங்க."

வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பூங்கொடி மெதுவாகக் கேட்டார். காப்பகம் என்ற சொல்லை எடுத்தாலே பேச்சை மாற்றுகிறவர் சித்ரா என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"பையை எடுத்து வெச்சுருப்பேனுங்க," என்றார் சித்ரா. கனியின் தலையில் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்துபோய்விட்டார்.

இறங்கும் வழியிலேயே சென்னையில் இருக்கும் என் சக ஊழியன் பாலாஜியைப் போனில் பிடித்தேன். நாளை முதல் தினமும் விடிவதற்குள் மிளகு, காப்பி, கிராம்பு விலை சரியாக ஏற வேண்டும் என்றேன். நாம் என்ன கமிஷன் மண்டியா நடத்துகிறோம் என்று கேட்டான். விலை பழசாக இருந்தால் அண்ணாமலைக்குப் பார்க்கிற ஆசை விட்டுப்போகும், ஆசை விட்டுப்போனால் மணி வராது, மணி வராவிட்டால் ஒன்றும் நடக்காத நாளில் சித்ராவின் வீட்டு வாசலில் போய் நிற்போம் என்று விளக்கினேன். அப்படியானால் ஏற்காட்டு மிளகுக்கும் கேரள மிளகுக்கும் தனித்தனி விலையா என்று கேட்டான். அன்று சாயங்காலம் பூங்கொடியும் நானும் தட்டுவடை செட் சாப்பிட்டோம். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்து சேலத்தார் செய்கிற அற்புதம். மூன்று செட் உள்ளே போனது. கவலை வந்தால் எனக்குப் பசிக்கும்.

நான்காம் நாள் நான் ஊர் திரும்ப வேண்டிய நாள். பனி ஏரியை மூடியிருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸில் பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பூங்கொடி போனை இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். விடிந்து வெயிலும் வந்துவிட்டது. மணி வரவில்லை. டவர் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். பாலாஜி விலை போட்டானா என்று கேட்டேன். போட்டிருந்தான். பூங்கொடி இலையை மூடிவிட்டு எழுந்து ஜீப்காரருக்குப் போன் செய்தார். என் பையையும் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

செம்மநத்தத்து வீட்டு வாசலில் யாரும் இல்லை. ராத்திரி மூடாமல் விட்ட மிளகு தார்ப்பாயில் பனியில் நனைந்து கிடந்தது. உள்ளே கட்டிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு அண்ணாமலை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்ரா கதவோரம் வந்து நின்றார். உதடு வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் ஸ்வெட்டர் போட்ட கனி. போன் எங்கே என்று பூங்கொடி சைகையில் கேட்டார். இல்லை என்று சித்ரா தலையாட்டினார். வாசலைக் கடக்கும்போது சித்ரா பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். தார்ப்பாயின் நுனியை இழுத்து மிளகை மூடி, காற்றில் பறக்காமல் மேலே ஒரு கல்லை வைத்தார். பிறகு ஜீப்பில் ஏறினார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை.

ஏற்காட்டில் சேலம் பஸ் தயாராக நின்றது. பஸ்ஸிலேயே பூங்கொடி எங்கள் செயலியைத் திறந்து எந்தக் காப்பகத்தில் இடம் இருக்கிறது என்று பார்த்தார். தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்க ஓரிடம் காட்டியது. போன் போட்டார், வரச் சொன்னார்கள். நாங்கள் செய்ததில் அந்தப் பகுதியாவது உருப்படியாக வேலை செய்தது. வளைவு தொடங்கியதும் கனி முகம் வெளுத்தாள். என் பையில் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் மூக்கடியில் பிடித்தேன்.

பாதி மலை இறங்கியிருப்போம். பூங்கொடியின் மடியில் மணி அடித்தது. திரையில் 'மிளகு' என்று வந்தது.

"எந்திரிச்சுட்டாரு," என்றார் சித்ரா.

மணி நின்று, மறுபடி அடித்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பூங்கொடி சத்தத்தை அணைக்கப் போனார். சித்ரா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டுங்க மேடம். பலாமரத்தடியை உட்டா ஏற்காடு வர்ற வரைக்கும் அவரு போனுக்கு எங்கயும் டவர் இல்ல. மணி வர்ற வரைக்கும் அவரு ஊட்லதான் நிக்கறாரு."

வளைவுக்கு வளைவு மணி வந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டபடியே அடிவாரம் வரை இறங்கினோம்.

நான் சென்னை வந்து சேர்ந்த பிறகு, இனிமேல் விலை போட வேண்டாமே என்று பாலாஜி கேட்டான். போடு என்றேன். அவனும் விடியலுக்கு முன் எழுந்து மண்டிக்காரர்களை எழுப்பி, கிராம்பு வரைக்கும் சரியாகப் போடுகிறான். காலையில் பூங்கொடியிடமிருந்து எனக்கு ஒரு வரி வரும்: மிளகு வந்தது. அதே வரி காப்பகத்துக்கும் போகும். அதைப் படித்த பிறகுதான் சித்ரா கனியைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்.